பக்கிரிசாமியின் கிணறு

நஜ்முன்னிசாவிடம் பாடம் கேட்க வந்த தெய்வசிகாமணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நஜ்முன்னிசாவுக்கோ அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும்.

தெய்வசிகாமணி அதுவரை எண்ணெய்க் கிணறு தோண்டுகிற பிரிவில் இருந்தவர். துளை போட்டுக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். எண்ணெயை மேலே கொண்டுவருவது வேறு ஆட்களின் பாடு. தோண்டுகிற வேலை குறைந்ததும் கம்பெனி அவரைத் தூக்கி நஜ்முன்னிசா என்ஜினீயராக இருந்த உற்பத்திப் பிரிவில் போட்டது. அந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. "பெரிய பாப்பா ஸ்கூலுக்குப் போகுது" என்று கேன்டீனில் கேலி செய்தார்கள். சிரித்துச் சமாளித்தார். உள்ளே எரிந்தது.

பாடம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை. எண்ணெயோடு வருகிற வாயுவைப் பிரித்தெடுத்து, கம்ப்ரசரில் அழுத்தி, திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே அனுப்புவார்கள். அது குமிழ் குமிழாக எண்ணெயில் கலக்கும். கனத்துக் கிடக்கும் எண்ணெய் இலேசாகி மேலே வரும்.

"எவ்வளவு கேஸ் விடணும் மேடம்?" என்று ஒருநாள் தெய்வசிகாமணி கேட்டார்.

"அதைக் கிணறே சொல்லும் சார்" என்றார் நஜ்முன்னிசா.

அது அவருக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அந்த வட்டாரத்துக்குக் கம்ப்ரசர் ஒன்றுதான். அதிலிருந்து வயல் வரப்பை ஒட்டி ஒரு பொதுக் குழாய் ஓடியது. கிணற்றுக்குக் கிணறு அதிலிருந்து கிளை பிரிந்தது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். தெய்வசிகாமணியின் பொறுப்பில் ஒரு கிணறு. அதற்கு அடுத்தது பக்கிரிசாமியின் பொறுப்பில்.

நஜ்முன்னிசா வேறொரு எண்ணெய் வயலுக்கு வேலையாகப் போயிருந்த மாதத்தில், தெய்வசிகாமணி தன் கிணற்றுக்கு வாயு விடும் வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தார். எண்ணெய் ஏறியது. மீட்டிங்கில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். "பெரிய பாப்பா பாஸாயிட்டுது" என்றது கேன்டீன். அந்த ஒரு வாரம் மனிதர் தரையில் நடக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் திறந்தார். எண்ணெய் குறைந்தது. பயந்துபோய் இன்னும் திறந்தார். மேலும் குறைந்தது. மூடிப் பார்க்கலாமே என்று அவர் புத்திக்கு எட்டவில்லை.

அதற்குள் பக்கத்துக் கிணறு நின்றுவிட்டது.

பொதுக் குழாயில் அழுத்தம் விழுந்ததற்குக் காரணம் கிழட்டுக் கம்ப்ரசர் என்று முடிவு கட்டினார்கள். கிணறு நின்றதற்குக் காரணம் பக்கிரிசாமியின் கவனக்குறைவு என்று முடிவு கட்டினார்கள். கிணற்றை சிமென்ட் போட்டு மூடவும், பக்கிரிசாமியை அஸ்ஸாமுக்கு மாற்றவும் உத்தரவாயிற்று. தெய்வசிகாமணியின் வால்வை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாராட்டு வாங்கிய கிணற்றை எவன் போய்ப் பார்ப்பான்?

உத்தரவு வந்த மறுநாளும் பக்கிரிசாமி வழக்கம்போல இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவந்தான்.

"கெண்டை மீன் குழம்பு அண்ணே. என் சம்சாரம் உங்களுக்குன்னு தனியா கொடுத்தனுப்புனா."

தெய்வசிகாமணி தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"என் வால்வு வெச்சது வெச்சபடியேதான் இருக்கு" என்றான் பக்கிரிசாமி. "நான் தொடவே இல்லைண்ணே. எங்கே தப்பு பண்ணேன்னே தெரியலை. கண்ணெதிரே செத்துப் போச்சு. என் கை ராசியில்லாத கை போல."

"விடு பக்கிரி. கிணறுன்னா ஒருநாள் நிக்கத்தான் செய்யும்" என்றார் தெய்வசிகாமணி.

சொல்லிக்கொண்டே மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். தன் குரல் அவ்வளவு இதமாக வந்ததை நினைத்தால்தான் அவருக்குக் கூசியது.

நஜ்முன்னிசா திரும்பி வந்த காலையில் தெய்வசிகாமணி அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றார்.

"மேடம், கிணறு எப்படிச் சாகுது?"

"சாகாது சார். அடியில எண்ணெய் அப்படியேதான் இருக்கும். மேல நிக்கிற கனத்தைத் தூக்க முடியாம நின்னு போயிடும், அவ்வளவுதான்."

"அப்ப பக்கிரி கிணறு?"

நஜ்முன்னிசா எழுந்து தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. முதல்ல உங்க கிணத்தைப் பாப்போம்."

தெய்வசிகாமணி தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அவருடைய கிணற்றிலிருந்து எண்ணெய் வெளியே போகும் குழாய் சீறிக்கொண்டிருந்தது. நஜ்முன்னிசா அதைச் சுட்டிக் காட்டினார்.

"கை வைங்க."

வைத்தார். குழாய் சில்லென்று இருந்தது.

"எண்ணெய் ஆழத்திலேருந்து வர்றது. சூடா வரணும். இங்க என்ன போகுது?"

"கேஸ்" என்றார் தெய்வசிகாமணி. அவருக்கே கேட்காத குரல்.

"வால்வை மூடுங்க."

"முழுசாவா மேடம்?"

"பழைய இடத்துக்கு."

பழைய இடம் எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, எத்தனை தூரம் திறந்து வைத்திருந்தோம் என்பது கைக்கே வலித்தது. நஜ்முன்னிசா பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாடு முடிந்து இருவரும் திரும்பி வந்தார்கள். சீற்றம் அடங்கியிருந்தது. கை வைத்தார்; குழாய் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே கனமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குறைத்த பிறகுதான் எண்ணெய் கூடியிருந்தது. பொதுக் குழாயின் மீட்டரில் முள்ளும் பழையபடி ஏறி நின்றது.

பாராட்டு வாங்கிய வாரத்துக்குப் பிறகு பக்கிரிசாமியின் பங்கை எடுத்ததில் தனக்கும் ஒரு சொட்டு கூடுதலாக வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திருடியதுகூட வீண்.

"மேடம், நான்தான்…"

"என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?"

அவர் பூட்ஸால் மண்ணைக் கிளறினார்.

"ஒண்ணு செய்யலாம் மேடம். இப்ப அழுத்தம் வந்துடுச்சு. பக்கிரி கிணத்துக்கு நானே சத்தமில்லாம கேஸைத் திறந்து விட்டுடறேன். அதுபாட்டுக்கு எழுந்துக்கும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"எழாது."

"ஏன் மேடம்?"

"ஓடற கிணறு வேற, நின்னுபோன கிணறு வேற. அதுக்குள்ள தேங்கினது அத்தனையும் வெளியே போக வழி விடணும். வெளி வால்வைப் பூட்டி வெச்சுட்டு எவ்வளவு கேஸ் விட்டாலும் பிரயோஜனமில்லை."

"சாவி?"

"பக்கிரிசாமிகிட்ட."

பக்கிரிசாமி தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான். கிணற்றை எழுப்பிப் பார்க்கலாம் என்று நஜ்முன்னிசா சொன்னதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"எழுந்துக்குமா மேடம்? நிஜமாவா? நாளைக்கு சிமென்ட் வண்டி வருதாமே?"

"திறங்க, பாப்போம்."

அவன் வெளி வால்வைக் கழிவுக் குழியின் பக்கம் திருப்பினான். நஜ்முன்னிசா வாயுவைத் திறந்தார். மூவரும் காத்திருந்தார்கள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

பிறகு குழாய் உறுமியது. இரண்டு முறை செருமியது. குபுகுபுவென்று குழியில் கொட்ட ஆரம்பித்தது.

பக்கிரிசாமியின் முகம் சுருங்கியது. "ஐயோ மேடம், வெறும் சேறும் உப்புத் தண்ணியுமால்ல வருது. நாத்தம் வேற. எண்ணெயைக் காணோமே?"

"அடைச்சுக்கிட்டு நின்னதுதான் முதல்ல வரும். போகட்டும். அது போனாத்தான் எண்ணெய்க்கு வழி."

அதைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மேடம் கைராசி! பாத்தீங்களா அண்ணே? நம்ம கைதான் வெளங்காத கை. நான் தொட்டதுதான் நின்னுச்சு, அவங்க தொட்டதும் உறுமுது பாருங்க!" என்று சொல்லிவிட்டு, அழுத்தம் பார்க்க மீட்டர் பக்கம் ஓடினான்.

தெய்வசிகாமணி நஜ்முன்னிசாவின் அருகே வந்து நின்றார்.

"கிணறு எழுந்துடுச்சு மேடம்."

"ம்."

"சிமென்ட் வண்டி வராது. டிரான்ஸ்ஃபரையும் நிறுத்திடுவாங்க. அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இனிமே போய் அதைச் சொல்றதுல…"

"இப்ப அவர் என்ன சொல்லிட்டுப் போனார்?"

தெய்வசிகாமணியின் முகம் கறுத்தது. மீட்டர் அருகே பக்கிரிசாமி தன் இரண்டு கைகளையும் பேண்டில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டான். தொடவே பயந்தவன் மாதிரி தொட்டான்.

தெய்வசிகாமணி அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"சொல்லணும் மேடம். சொல்லிடறேன். ஆனா இப்ப வாயைத் திறந்தா என்ன வரும்னே தெரியலை. அசிங்கமாத்தான் வரும். அவன் வீட்டு மீனைத் தின்னுக்கிட்டே அவனுக்கு ஆறுதல் சொன்னவன் நான். நாலு நாள் டைம் கொடுங்க. நல்ல வார்த்தையா யோசிச்சு, பதமா, அவன் மனசு நோகாம…"

நஜ்முன்னிசா கழிவுக் குழியைக் காட்டினார். அதில் கறுப்புத் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"நின்னுபோன கிணத்துல முதல்லயே எண்ணெய் வந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா சார்?"