கஜராயர் மிதித்த கரை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் காக்கைமலை நாட்டை அதிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் வேடிக்கை என்றால் போதும், ராஜ்ஜியத்தையே மறந்துவிடுவான்!

மலையடியில் பள்ளத்தூர் என்று ஒரு ஊர். பெருமழை வந்தால் ஓடைத் தண்ணீர் நேரே வீட்டுக்குள் புகுந்துவிடும். போன வருஷம் முப்பது வீடு போயிற்று. அதில் மண்வேலைக்காரர்களின் தலைவி சடைச்சியின் வீடும் ஒன்று. அவள் ராஜாவிடம் நடையாய் நடந்து உத்தரவு வாங்கி, வெள்ளத்தைத் தடுக்க ஓடைக்குக் குறுக்கே சின்னதாக ஒரு மண்ணணை கட்டத் தொடங்கினாள்.

மண்ணைக் கொட்டினால் மட்டும் அணை ஆகிவிடுமா? ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து இறுக்க வேண்டாமா? மழைக்கோ பத்தே நாள். மனுஷக் கால் போதாது, யானை வேண்டும். யானைகளெல்லாம் ராஜாவின் யானைப்படைத் தலைவர் கஜராயர் வசம்.

"என் யானைகள் சேறு மிதிக்கவா? போடி அந்தப் பக்கம்!" என்று விரட்டிவிட்டார் அவர். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ராஜா இவளுக்கு வேலை கொடுத்துவிட்டாரே என்று மனுஷனுக்கு வயிற்றெரிச்சல்.

சடைச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, கரை முழங்கால் உயரம் வந்துவிட்டது. இனிமேல் கஜராயரின் நாற்பது யானையும் ஏறிக் குதித்தாலும் என் மண் அசையாது!"

கஜராயர் துள்ளி எழுந்தார். "என்ன திமிர்! உத்தரவு கொடுங்கள் மகாராஜா, தரைமட்டமாக்கிக் காட்டுகிறேன்!"

"ஐயையோ, வேண்டாம் சாமி!" என்று சடைச்சி நெஞ்சில் கைவைத்தாள்.

"பயந்துவிட்டாள், பார்த்தீர்களா?" என்றார் கஜராயர்.

ராஜா தொடையைத் தட்டினான். "சபாஷ்! மழை வரும்வரை அவள் மண் போடட்டும், நீர் மிதியும். யார் ஜெயிக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம்!"

மறுநாளே யானைகள் வந்தன. சாயங்காலம் பார்த்தால் முழங்கால் உயரக் கரை சாண் உயரமாகிவிட்டது. கஜராயர் மீசையை முறுக்கிக்கொண்டார். விடிந்ததும் சடைச்சியின் ஆட்கள் அதன்மேல் புதுமண் கொட்டி, தண்ணீரும் தெளித்துவைத்தார்கள்.

"தண்ணீர் எதற்கு?" என்று கேட்டார் கஜராயர்.

"பாவம், யானைக் கண்ணில் தூசி விழக்கூடாதே, சாமி!"

இப்படியே தினமும் நடந்தது. ஏழாம் நாள் ஒரு பாகன் தலையைச் சொறிந்தான். "ஐயா, நாம நாளுக்கு நாள் மேலே போயிட்டிருக்கோமே?"

"வாயை மூடு! மிதி!"

பத்தாம் நாள் கரை ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அன்றைக்கே கொட்டியது மழை! ஓடை சீறிக்கொண்டு வந்து கரையில் மோதி, அணைக்குள் தேங்கி, பக்கத்தில் விட்டிருந்த கல் பாவிய வடிகால் வழியே மெல்ல வடிந்தது. பள்ளத்தூரில் ஒரு வீட்டுப் படிகூட நனையவில்லை. சடைச்சி கரைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஜெயித்தவள் நீதான். என்ன வேண்டும், கேள்!" என்றான் கரையைப் பார்க்க வந்த ராஜா.

"முதல் மாலை கஜராயருக்குப் போடுங்கள், மகாராஜா. மண் போட்டது நான். மிதித்து இறுக்கியது அவர்தானே!"

ராஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கிரீடம் நழுவ நழுவச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சிக்குக் கொடுத்தான். நாட்டில் எங்கே அணை கட்டினாலும் அவள் கூப்பிட்டதும் யானைகள் போகவேண்டும் என்று கஜராயருக்கு உத்தரவும் போட்டான்.

பள்ளத்தூர்க்காரர்கள் போட்ட பூமாலையைக் கழற்றவும் முடியாமல் சுமக்கவும் முடியாமல் கஜராயர் நின்றார். அப்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

"சாமி, எங்கள் ஊர் ஓடையும் இப்படித்தான். எங்கள் மேலேயும் கொஞ்சம் கோபப்படுங்களேன்!"