கோட்டோரத்தில் நின்ற கொக்கு

அல்லிக்குளத்துக் கரையில் கரடிகளும் குரங்குகளும் கைப்பந்து ஆடின. சும்மா பொழுதுபோக்குக்கு என்று நினைத்துவிடாதீர்கள்! கரையில் இருந்தது ஒரே ஒரு நாவல் மரம். ஜெயிக்கிற கூட்டத்துக்கு இந்தப் பருவம் முழுக்க மரம் சொந்தம். தோற்ற கூட்டம் கிட்டேயே வரக்கூடாது.

சுரைக்குடுக்கைதான் பந்து. தரையில் நீளமாகக் கிடத்திய கொடிதான் எல்லைக்கோடு. கொடியில் பந்து பட்டாலும் உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு. வலையோரம் யானை நின்றது. அதுதான் பெரிய நடுவர். கோட்டைப் பார்த்துக்கொள்ளப் பருந்தைக் கூப்பிட்டார்கள். பருந்தை விடக் கூர்மையான கண் யாருக்கு இருக்கிறது?

ஆட்டம் தொடங்கியது. கருப்பட்டி என்ற பெரிய கரடி ஓங்கி ஓர் அடி அடித்தது. பந்து மேலே மேலே போய், கோட்டையும் தாண்டி, குளத்துச் சேற்றில் பொத்தென்று விழுந்தது.

"உள்ளே!" என்று கத்தியது பருந்து.

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பந்தடித்த கருப்பட்டிக்கே வாய் பிளந்துவிட்டது. சேற்றில் இருந்த தவளை முகத்தை வழித்துக்கொண்டு பருந்தை முறைத்தது.

"அடப் பாவி! பந்து விழுந்ததைப் பார்த்தாயா இல்லையா?" என்று யானை பிளிறியது.

"விழுந்ததை யார் பார்த்தது? ஆகாயத்தில் என்ன அழகாகப் போச்சு! அதையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!"

"நல்லாப் பார்த்தாய், போ! கிளம்பு முதலில்!"

பருந்து போனது. இப்போது கோட்டில் யாரை நிறுத்துவது? வளைவால் என்ற மூத்த குரங்கு தன் கூட்டத்தை ஓரமாகக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தது.

"கொக்கை நிறுத்தச் சொல்லுவோம். இந்த மரத்து உச்சியில்தான் அவள் கூடு. குஞ்சுகளுக்கு இன்னும் இறகே முளைக்கவில்லை. கரடிகள் ஜெயித்தால் பழத்துக்காகக் கிளையையே முறிக்கும். கூடு கீழே வந்துவிடும். நமக்கு எதிராகக் காட்டுவாளா? பெத்த வயிறு விடுமா?"

கரடிகள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. கூடு இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

"நடுவரய்யா! கொக்கக்கா அசையாமல் நிற்பாள். அவளையே நிறுத்துங்கள்!" என்று குரங்குகள் கூச்சல் போட்டன.

"நான் வேண்டாம் ஐயா! இந்த மரத்தில் என்…" என்று கொக்கு ஆரம்பித்தது.

குரங்குகள் கைதட்டிய தட்டில் ஒன்றும் கேட்கவில்லை. "சரி சரி, நேரமாகிறது!" என்று யானை ஒரு பூவரச இலையை அதன் அலகில் செருகிவிட்டது. இலையைத் தாழ்த்தினால் உள்ளே. தூக்கினால் வெளியே. வாயில் இலை இருக்கும்போது கொக்கு எப்படிப் பேசும்?

ஆனால் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! யார் எவ்வளவு உயரத்தில் அடித்தாலும் கொக்கு பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கியதுமே அதன் பார்வை கொடிக்கு வந்துவிடும். பந்து எங்கே போனாலும் கடைசியில் தரைக்கு வரத்தானே வேண்டும்?

இரண்டு பக்கமும் சமமாக வந்தன. கருப்பட்டி அடித்தது. வளைவால் வேண்டுமென்றே கொக்கின் முகத்துக்கு நேரே வந்து குதித்தது. பந்து விழுந்தது. எங்கே?

கொக்கு இலையைத் தூக்கவில்லை, தாழ்த்தவும் இல்லை. இரண்டு சிறகையும் மார்பின் குறுக்கே வைத்துக் காட்டியது.

"என்னது! பார்க்கவில்லையா?" கரை முழுக்கத் திகைத்துப்போனது.

"பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமல் இருந்தாளே, அதுவே பெரிசு. மறுபடி ஆடுங்கள்!" என்றது யானை.

வெளியே என்று காட்டித் தொலைத்தால் என்ன என்று வளைவால் பல்லைக் கடித்தது.

கடைசிப் பந்து. கருப்பட்டி எம்பி அடித்தது. அந்த நேரம் பார்த்து உச்சிக் கிளையில் குஞ்சுகள் பசியில் கத்தின. கொக்கின் கண் மட்டும் கொடியை விட்டு நகரவில்லை. பந்து கொடியின் ஓரத்தை லேசாக உரசிவிட்டு உருண்டது.

கொக்கு இலையைத் தாழ்த்தியது.

உள்ளே! கரடிகள் ஜெயித்துவிட்டன!

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டது வளைவால். "உன் குஞ்சுகள் அந்த மரத்தில்தானே இருக்கின்றன! அதற்காகத்தானே உன்னை நிறுத்தச் சொன்னோம்!"

சொன்ன பிறகுதான் என்ன உளறினோம் என்று அதற்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தி என்ன பிரயோசனம்? கரையே கேட்டுவிட்டது.

கருப்பட்டி அதிர்ந்துபோய் அண்ணாந்து பார்த்தது. "உன் கூடா அது? ஏனம்மா முதலிலேயே சொல்லவில்லை?"

கொக்கு இலையைக் கீழே போட்டது. "சொல்லத்தான் வந்தேன். வாயில் இலையை வைத்துவிட்டார்கள்!"

யானை காதைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"தெரிந்துமா உள்ளே என்று காட்டினாய்?" என்று கேட்டது கருப்பட்டி.

"வயிறு பற்றி எரிகிறது அண்ணே! அதற்கு நான் என்ன செய்ய? பந்து கொடியில் பட்டுவிட்டதே!"

கருப்பட்டி தன் கூட்டத்தைப் பார்த்து உறுமியது. "குஞ்சுகள் பறக்கும்வரை எவனும் மரத்தில் ஏறக்கூடாது! உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்போம். இவள் கூட்டை முறித்துவிட்டால் அடுத்த வருஷம் கோட்டில் யாரை நம்பி நிறுத்துவது?"

குரங்குகள் வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டின.

கோட்டில் நிற்பவர் பார்க்க வேண்டியது பந்து எங்கே விழுந்தது என்பதைத்தான். யாருக்காக விழுந்தது என்பதை அல்ல.