வெயிலில் பார்த்த கூரை

“தாயி, இந்த மாசமும் நல்லாப் பார்த்துட்டேன். எம்புட்டுத் தேடினாலும் கோபம் இல்ல. நான் வீட்டுக்குப் போகலாமா?”

மாசிலாமணி கேட்டபோது மடத்தை நடத்தும் குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கூரை எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வரல தாயி.”

“நல்லது. இருங்க.”

நல்லது என்றால் போகச் சொல்ல வேண்டியதுதானே? வாய்விட்டுக் கேட்க மாசிலாமணிக்குத் தைரியம் இல்லை. ஆய்ந்து கழித்த கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக் காலையில் ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். எதற்காக இங்கே வந்தோம், அதில் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்த்து, குருவம்மாவிடம் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் அவர் “நல்லது” என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அடுத்த அமாவாசைவரை மண்டையைக் குடைந்துகொள்வார்கள்.

மாசிலாமணி வந்தது கோபத்தை விடுவதற்காக.

ஊரில் அவனுக்கு வற்றல் மிளகாய் வியாபாரம். சரக்கைவிட முதலாளிக்குக் காரம் அதிகம் என்று கடைத்தெருவே சிரிக்கும். கடையில் காட்ட முடியாத கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை. தட்டைத் தூக்கிச் சுவரில் வீசினான். அது முதல் தடவையும் அல்ல.

அவன் மனைவி செண்பகவல்லி அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சோற்றைக் கையால் வழித்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கயாவது போயி இந்தக் கோபத்த விட்டுட்டு வாங்க. அதோடதான் வருவீங்கன்னா வர வேண்டாம்.”

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு இவனும் போட்டிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் கிளம்பி வந்தான்.

குருவம்மா அவனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வந்த அன்றே அவன் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, “கூரை வேயத் தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வியாபாரிக்கு வாய் வரவில்லை. பழைய ஓலையைப் பிரித்துப் புதுப் பனையோலை வேய்ந்தான். அதன் பிறகு அமாவாசைதோறும் உச்சி வெயிலில் குருவம்மாவின் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அண்ணாந்து பார்ப்பான். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், உள்ளே நின்றபடியே அந்த இடத்தில் ஓர் ஓலைத் துண்டைச் சொருகுவான்.

தன்னையும் அப்படித்தான் பார்த்தான். கண்ணை மூடி உட்கார்ந்து, எங்கே கோபம் தெரிகிறது என்று தேடுவான். தெரிந்த இடத்தில் ஒரு மந்திரத்தைச் சொருகுவான்.

இப்போது எங்கும் தெரியவில்லை. ஏக்கம்தான் தெரிந்தது. அதற்கு என்ன சொருகுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மடத்துக்குப் பின்னால் ஒரு பாறை. ஏறி நின்றால் தூரத்தில் ஊர்க் கோபுரம் தெரியும். சாயங்காலமானால் அங்கேதான் நிற்பான். இந்நேரம் விளக்கு ஏற்றியிருப்பாள். தனக்கென்று தனியாகச் சமைப்பாளா, காலையில் வைத்ததையே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாளா? அவள் ஒருநாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இந்தாங்க” என்பாள், அவ்வளவுதான். சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் குரலுக்குத் திரும்பிவிடுவான். அந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும்போல் நெஞ்சு வலித்தது. கோபுரம் இருட்டில் மறையும்வரை நின்றுவிட்டு இறங்கி வருவான்.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கியது.

முதல் மழையிலேயே குருவம்மா கூப்பிட்டனுப்பினார். மாசிலாமணி ஓடினான். குடிசைக்குள் நாலா பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தது. குருவம்மா பாயைச் சுருட்டி ஒரு மூலையில் சாத்திவிட்டு, பாய் கிடந்த இடத்தில் ஒரு செம்பை வைத்திருந்தார்.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தான். வெளிச்சத்தை அடைக்க அவன் சொருகிய ஓலைத் துண்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் தண்ணீர். கூரையோடு வழிந்து வெளியே போயிருக்க வேண்டிய மழைக்கு, அவனே உள்ளே வழி போட்டுக் கொடுத்திருந்தான்.

வெட்கமாகப் போயிற்று.

“மாசா மாசம் பார்த்தேனே தாயி!”

“பார்த்தீங்க.”

“ஒரு ஓட்ட இல்லையே!”

“வெயில்ல இல்ல.”

செம்பில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இந்த மடத்துல என்னிக்காவது உங்க சோத்துல உப்புக் கொறஞ்சிருக்கா?”

“இல்ல தாயி. கேட்டுக் கேட்டுப் போடுதாங்க.”

“யாராவது உங்கள ஏசினாங்களா?”

“இங்க யாரு ஏசப் போறா?”

குருவம்மா செம்பை எடுத்து வாசலில் ஊற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

“கோபத்த விட்டுட்டு வரச் சொன்னது யாரு? நானா?”

“இல்ல. அவ.”

“அப்ப எங்கிட்ட வந்து சொன்னா எனக்கு என்ன தெரியும்?”

மாசிலாமணி செம்பையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“அங்க போயி கோபம் வந்துட்டா? அதோட வர வேண்டாம்னு சொல்லியிருக்கா தாயி. அவ கதவச் சாத்திட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல.”

“நல்லது,” என்றார் குருவம்மா.

இந்தத் தடவை ‘இருங்க’ என்று சொல்லவில்லை.

மாசிலாமணி அன்றே கிளம்பிவிட்டான். வழியெல்லாம் மழை. பாறையிலிருந்து பார்த்தபோது கைக்கு எட்டுவதுபோல் இருந்த கோபுரம், நடக்க நடக்க வந்தபாடில்லை. தெருவுக்குள் நுழைந்தபோது கால் தானாக மெதுவாகிவிட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. செண்பகவல்லி வாசலுக்கு வந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. நனைந்துபோய் நிற்கிறவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போயிருச்சா?”

போய்விட்டது என்று சொல்லத்தான் ஆசை. அந்த ஒரு பதிலுக்காகத்தானே அத்தனை அமாவாசை உட்கார்ந்தான்.

“தெரியல,” என்றான்.

“தெரியாமயா வந்தீங்க?”

“அங்க இருந்து பார்த்தாத் தெரியல.”

அவள் உள்ளே போனாள். துண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெகுநேரம் கழித்துத் தட்டில் சோறும் குழம்புமாகத் திரும்பி வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டான். பசி கண்ணை மறைத்தது.

முதல் வாய் வைத்தான்.

உப்பு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கல்கூடப் போடவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். செண்பகவல்லி கதவு நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பழைய குழம்புக் கறை. அவள் உப்புப் போட மறந்துபோனதல்ல இது.

இத்தனை தூரம் மழையில் நடந்து வந்தவனுக்கு வைக்கிற சோறா இது?

காது சுட்டது. கை தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அதே கோபம்தான், ஒரு துளி குறையவில்லை. இத்தனை மாதமும் உள்ளே சுகமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

அழுகை வந்தது மாசிலாமணிக்கு. தட்டை மெதுவாகத் தரையில் வைத்தான். விரல்கள் அதை விட்டு வர நேரமாயிற்று.

“செண்பகம்.”

“ம்.”

“கோபம் வருது.”

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டான். கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

செண்பகவல்லி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“முன்னெல்லாம் சொல்லிட்டு வராது,” என்றாள்.

பிறகு கதவுக்குப் பின்னால் கைநீட்டி, தயாராக வைத்திருந்த உப்பு ஜாடியை எடுத்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இந்தாங்க.”