ஏலக்காய் வாசனை

சிரிக்காம கேப்பீங்களாடா? மாட்டீங்க. நான் ரெண்டு தும்மல் போட்டதுக்கே என் பைக் யாருக்கு, செல்போன் யாருக்குன்னு பாகம் பிரிச்ச பயலுகதானே நீங்க.

காலேஜ் ஹாஸ்டலை கொரோனா வார்டா மாத்தியிருந்த நேரம். ரூமுக்கு மூணு கட்டில்.

முதல் கட்டில்ல ஞானப்பிரகாசம் சார். ஹெட்மாஸ்டர், வயசு அம்பத்தாறு. அடுத்த கட்டில்ல அழகுமலை. பரோட்டா மாஸ்டர், வயசு இருவத்தாறு. மூணாவது ஆளு தலையோட போத்திக்கிட்டுக் கெடப்பான்.

சார் விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப். கழட்டவே மாட்டாரு. நிமிஷத்துக்கு நாலு தடவை பாப்பாரு.

தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போக வண்டி வரும். வண்டியில போன ஒருத்தரும் இந்த ரூமுக்குத் திரும்பல.

"தம்பி, உனக்கு பயமே இல்லையா? எப்படிப்பா முடியுது?"

அழகுமலை எந்திரிச்சுப் போனான். வராண்டாவுல "டீ... டீ..."ன்னு சத்தம். பாலில்லாத டீ ரெண்டு டம்ளர்ல வாங்கியாந்தான்.

"மோந்து சொல்லுங்க சார். எனக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. என்ன வாசனை?"

சார் மோந்தாரு. ரொம்ப நேரம் மோந்தாரு.

"ஏலக்காய்."

அழகுமலை கண்ணை மூடிக் குடிச்சான்.

"நாளைக்கும் சொல்லணும்."

மறுநாள் சுக்குன்னாரு. அதுக்கு மறுநாள், "ஜூன் மாசம் புதுப் புத்தகக் கட்டைப் பிரிச்சா வருமே, அது!"

"டீயிலயா சார்?"

"குடிய்யா மாஸ்டர்!"

ரெண்டு பேரும் இருமுற வரைக்கும் சிரிச்சாங்க.

ஆறாம் நாள், டீ வந்த கையோட நர்சம்மாவும் வந்துச்சு.

"அழகுமலை, தொண்ணூத்தொண்ணு. பையை எடுத்து வைங்க. வண்டிக்குச் சொல்லியாச்சு."

நர்சம்மா போனதும் சார் கட்டிலை விட்டு எறங்கி வந்தாரு.

"மாஸ்டர், எனக்கும் மூக்கு, நாக்கு ரெண்டும் செத்துதான் கெடக்கு. சொன்னா என்னை வண்டியில ஏத்திருவாங்கன்னு பயம். அஞ்சு நாளா சொன்னது பூராம் புளுகு."

"தெரியும் சார்."

"எப்படி?"

"வர்றது டீயே இல்ல, கூவுறவன் சும்மா டீங்கிறான். கபசுரக் குடிநீரு. டிரம்முல கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கான். நீங்கதான் ரூமை விட்டு வெளிய வரலையே."

"பெறகு ஏன்யா தெனம் கேட்ட?"

"சொல்றப்ப மட்டும் நீங்க விரலைப் பாக்கல."

கீழ வண்டிச் சத்தம். அழகுமலை டம்ளரைத் தூக்குனான். சார் முன்னால நீட்டுனான்.

"பயமாருக்கு சார். ஆளு மேல ஏறி வர்றதுக்குள்ள சொல்லுங்க. இன்னைக்கு என்ன வாசனை?"

சார் கிளிப்பைக் கழட்டிக் கட்டில்ல போட்டாரு. டம்ளரை ரெண்டு கையாலயும் வாங்கி மோந்தாரு.

"ஏலக்காய்."

மூணாவது கட்டில்ல கெடந்தது நான்தான்டா. எனக்கு மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கசாயம்னு முத நாளே தெரியும். வாயைத் தொறக்கல.