கர்னல் செத்த நேரம்

அந்த ராணுவப் பயிற்சிக் கூடத்தில் யுத்தமெல்லாம் கம்ப்யூட்டரில்தான். டாங்கிக்கு ஓர் அறை, பீரங்கிக்கு ஓர் அறை. இரண்டு அறை டேட்டாவையும் ஒன்றுபோல வைத்திருப்பது ஆபரேட்டர் ஜெசிந்தாவின் வேலை.

அன்று பீரங்கி அறைத் திரையில் குண்டு விழுந்து கர்னல் பொன்னப்பாவின் டாங்கி தூள்தூளாகிவிட்டது. டாங்கி அறையிலோ அவர் ஜம்மென்று முன்னேறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டேட்டாவும் ஒத்துப்போகணும். ஆனா நான் சாகக்கூடாது. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று கத்தினார் கர்னல்.

"எல்லா இடத்துலயும் உயிரோட வச்சிடறேன் சார், மெஸ் சாப்பாட்டு லிஸ்ட் வரைக்கும்" என்றாள் ஜெசிந்தா. அப்படியே செய்தாள்.

மதியம் மெஸ்ஸில் மட்டன் பிரியாணி. கர்னல் தட்டை நீட்டினார். சமையல்காரர் லிஸ்டைப் பார்த்துக் கையை விரித்தார்.

"செத்தவங்களுக்குத்தான் சார் இப்போ சாப்பாடு. உயிரோட இருக்கறவங்க சண்டை முடிஞ்சு ஆறு மணிக்கு வரணும். நீங்க போட்ட ஆர்டர்தானே?"

செத்துப்போன சிப்பாய்கள் சுற்றிலும் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். கர்னல் மெதுவாக ஜெசிந்தாவின் மேஜைக்கு வந்தார்.

"அந்தக் குண்டு எத்தனை மணிக்கு விழுந்துச்சு?"

"பத்தேகாலுக்கு சார்."

"நல்ல குண்டும்மா. ரெண்டு அறையிலயும் போட்டுடு, சீக்கிரம்!"