சித்திரவேலை அடித்த மலையரசன்

மட்டிப்பாளையத்துக்காரர்களைப் பற்றி நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லப்போவதில்லை. கூட்டுவதற்கு அவர்கள் இடம் வைத்தால்தானே! அந்த ஊர்ச் சித்திரவேல் கராத்தே போட்டிக்குக் கடல் கடந்து போனான். பல நாட்டுக்காரர்கள் கூடி, பல விளையாட்டுகள் ஒன்றாக நடக்கிற பெரிய விழா அது. இவனை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். தேர்வு நடந்த அன்று நல்ல மழை. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

சித்திரவேலுக்குப் பதக்கம் பெரிதில்லை, வேலைதான் பெரிது. முப்பது வயதாகியும் அண்ணன் வீட்டுச் சோறு. அண்ணி மற்றவர்களுக்குப் பரிமாறும்போது சும்மா இருக்கிற கரண்டி, இவன் தட்டுக்கு வந்தால் மட்டும் 'ணங்'கென்று சத்தம் போடும். "வேலைவெட்டி இல்லாதவங்களுக்குத்தான் நல்லாப் பசிக்கும்போல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். பாவம், அவனுக்கு எழுந்து போய்விடலாம் என்று இருக்கும். ஆனாலும் சாப்பிட்டுவிடுவான்.

அப்படிப்பட்டவனை மேடையில் நிறுத்தி, நகராட்சித் தலைவர் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்தார். "இந்தப் போட்டியில ஜெயிக்கிறவனுக்கு நம்ம ஆபீஸ்ல பிறப்பு இறப்புப் பதிவு கிளார்க் வேலை! இது என் வாக்கு!" என்று முழங்கினார். கைதட்டலில் சித்திரவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடவே தலைவரும் கிளம்பினார். பயிற்சி கொடுத்த அருளப்பன் மாஸ்டரும் கிளம்பினார். ஒருத்தன் விளையாட, இரண்டு பேர் மேற்பார்வை பார்க்க. மட்டிப்பாளையத்தில் இதற்குப் பெயர் சிக்கனம்.

புறப்படுகிற அன்றைக்கே ஒரு சிக்கல் வந்தது. "கராத்தேன்னா வெறுங்கைன்னு அர்த்தம் அண்ணாச்சி. வெறுங்கையோடதான் போவணும்" என்றார் மாஸ்டர்.

"பையன் வெறுங்கையோட திரும்பமாட்டான்னு ஊருக்கே சொல்லியிருக்கேனே வே!"

"அது திரும்பும்போதுதானே? போகும்போது என்ன வந்துது?"

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "அதுவும் சரிதான். விவரமான ஆளுதான் வே நீரு" என்றார். மூன்று பேரும் பெட்டிகளை வாசலிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறினார்கள். பாஸ்போர்ட் தப்பித்தது, அது சட்டைப்பையில் இருந்தது.

போய் இறங்கினால் மாற்றிக்கட்ட ஒரு துண்டுகூட இல்லை. அங்கே உதவிக்கு நின்ற தமிழ்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்கு முதல் ரவுண்ட் பை!" என்றாள். முதல் சுற்றில் போட்டிக்கு ஜோடி அமையவில்லை, நேரே இரண்டாம் சுற்று என்பதைத்தான் அந்தப் பிள்ளை இங்கிலீஷில் அப்படிச் சொன்னது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாலே, நம்ம வெறுங்கையா நிக்கிறதைப் பாத்ததுமே பை குடுக்காங்க! தங்கமான மனுசங்க!"

அன்று முழுக்க மூவரும் விசாரணைக் கவுண்டரை விட்டு நகரவில்லை. "பை எங்கே? ரெண்டாவது ரவுண்டுக்கு என்ன தருவீங்க, சோப்பா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள். தொல்லை தாங்காமல் யாரோ ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் போட ஒன்றுமில்லை என்பது அறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் பாடம் எடுத்தார். "நீ போடப்போறது கட்டா, தனியா செஞ்சு காட்டுற வகை. அதுல எதிராளி கிடையாது. எதிர்ல ஒருத்தன் நிக்கான்னு மனசார நெனைக்கணும். நெனைச்சு அடிக்கணும், தடுக்கணும். நெனைப்புல பொய் இருந்தா மார்க் போச்சு!"

சித்திரவேல் தயங்கினான். "நம்ம கிளி ஜோசியர் மாதிரி ஒல்லியா ஒருத்தரை நெனைச்சுக்கிடட்டுமா மாஸ்டர்?"

"சீ!" என்று பாய்ந்தார் தலைவர். "நோஞ்சானை அடிக்கவா கடல் தாண்டி வந்தோம்? ஊர் மானம் என்னாவுறது? ஆறரை அடியில நெனைலே!"

"நெஞ்சும் அகலமா இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

"மீசை?" என்று அவரே கேட்டார்.

"மீசை இல்லாம எப்படி வே?" என்றார் தலைவர்.

"எந்த நாட்டு ஆளு அண்ணாச்சி?" என்றான் சித்திரவேல். "வெளிநாட்டுக்காரர்னா, அடி தாங்காம நான் 'போதும்'னு சொன்னா அவருக்குப் புரியாதே."

இந்தக் கேள்வியை இருவரும் அலசு அலசென்று அலசினார்கள். கடைசியில், ஆள் தமிழர், பெயர் மலையரசன், படிப்பு பத்தாம் வகுப்பு என்று முடிவாயிற்று. படித்தவன் என்றால்தான் விதிப்படி அடிப்பான் என்பது மாஸ்டரின் எண்ணம்.

சித்திரவேல் மேடை ஏறினான். குனிந்து வணக்கம் சொன்னான். நிமிர்ந்து பார்த்தால், அம்மாடி! எதிரே மலையரசன் நிற்கிறார். ஆறரை அடி, மீசை, எல்லாம் சொன்னபடியே. சித்திரவேல் ஓரடி பின்வாங்கினான். ஒரு குத்து விட்டான். மலையரசன் அநாயாசமாகத் தட்டிவிட்டார். திரும்பி ஒரு உதை விட்டார் பாருங்கள், சித்திரவேல் உருண்டு போய் ஓரத்தில் விழுந்தான். "போதும்ணே! போதும்!" என்று தரையைத் தட்டினான். நடுவர்களுக்குத் தீர்ப்புக் கொடியைத் தூக்குவதா, ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடுவதா என்று புரியவில்லை.

மாஸ்டர் நேரே நடுவர் மேசைக்கு ஓடினார். "கட்டாவில தொட்டு அடிக்கக்கூடாது! மலையரசன் தொட்டுட்டாரு!"

தமிழ்ப் பெண் திகைத்துப்போய், "யாருண்ணே மலையரசன்?" என்றாள்.

தலைவர் சித்திரவேலைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுலே. தப்பா அடிச்சாரா?"

பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். அவனுக்கு அது வரவில்லை. "இல்ல அண்ணாச்சி. முறையாத்தான் அடிச்சாரு" என்று விம்மினான்.

ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "ஜெயிக்கிறவனுக்கு வேலைன்னு வாக்குக் குடுத்தேன். ஜெயிச்சது மலையரசன். தமிழ் தெரியும், பத்தாவது பாஸ். நம்ம பையன்னு பாத்தா நியாயம் என்னாவுறது?" ஊரே கைதட்டியது. சித்திரவேலும் தட்டினான். வீட்டுக்குப் போனதும் அண்ணி கரண்டியை எடுத்தாள்.

மலையரசன் பேரில் உத்தரவு போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்து, "சார் டீ குடிக்கப் போயிருக்காரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் எழுந்து போனார்கள். மறுநாள் வந்தார்கள். அந்த ஆபீஸில் இது வழக்கம்தான் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் நல்லதுதான். மலையரசன் லஞ்சம் வாங்கவில்லை. யாரிடமும் எரிந்துவிழவில்லை. அவர் சேர்ந்தபிறகு மட்டிப்பாளையத்தில் ஒருத்தர்கூடச் சாகவில்லை என்று பதிவேடு சொன்னது. பிறக்கவும் இல்லைதான், அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மேலிடம் மெச்சிப்போய் அவருக்குப் பிரமோஷன் கொடுத்து மாவட்டத் தலைநகருக்கு மாற்றியது.

தலைவர் சித்திரவேலுக்கு ஆள் விட்டார். "இடம் காலி. வேலை உனக்குத்தாம்லே, வா!"

சித்திரவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே அண்ணி, வாழ்க்கையில் முதல்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். ஆபீஸே எழுந்து நின்றது. சித்திரவேல் நாற்காலிப் பக்கம் போனான். ஒரு தரம் பார்த்தான். சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டான்.

"உக்காராம என்னலே நிக்க?" என்று அதட்டினார் தலைவர்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றான் சித்திரவேல், காலி நாற்காலியைக் கண்ணால் காட்டி. "அவரு இன்னும் எந்திரிக்கலை."

தலைவர் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அய்யய்யோ! பிரமோஷன் பிடிக்கலையாமா? பதமாக் கேளுலே!"