சூளைக்கு எதிரே ஒரு முறம்

“தாயே, என் மகனுக்கு என் மேல இருந்த பாசம் ஆறிப்போச்சு. இனிமே நான் அங்க போறதா இல்லை.”

கயற்கண்ணி இப்படிச் சொன்னபோது மடத்துத் தாயார் அகல் சுடும் சூளையின் அடியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். வயதில் கயற்கண்ணிக்கு மகள் போல. ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு.

“என்னம்மா ஆச்சு?”

“நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. ‘வாங்க’ன்னு ஒத்தை வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கான். அவன் அப்பா காரியத்தன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை. அதுலேருந்து இப்படித்தான்.”

“அவர் ஊருக்குச் சாயங்கால பஸ்தானே கடைசி?”

“அதான் போகலைங்கறேனே!”

“சரி, சூளையைத் திறங்க. தீபத்துக்கு அகல் வேணும்.”

தான் சொன்னது என்ன, இவர் சொல்வது என்ன? கயற்கண்ணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துவாரத்தில் எட்டிப் பார்த்தாள். உள்ளே கும்மிருட்டு. பொட்டுச் சிவப்புகூட இல்லை.

“ஆறிடுச்சு தாயே.”

“கையைக் காட்டினீங்களா?”

அது அந்த மடத்து வழக்கம். சூளையைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி உள்ளங்கையைக் காட்டியபடி ஒரு பதிகம் பாட வேண்டும். பாடி முடிக்கும்வரை கை தாங்கினால் திறக்கலாம். தாங்காதபோதே திறந்தால் குளிர்காற்று பட்டு அகல் அத்தனையும் வெடித்துப் போகும்.

கயற்கண்ணி பாடினாள். இரண்டாம் பாட்டிலேயே கையை உதறிக்கொண்டாள்.

“இதென்ன கூத்து! காத்து என் முதுகுப் பக்கமிருந்து சிலுசிலுன்னு சூளையைப் பாத்துத்தான் வீசுது. உள்ள நெருப்பு இல்லை. நான் தொடவும் இல்லை. அப்புறம் எதுதான் சுடுது?”

தாயார் பக்கத்தில் கிடந்த முறத்தை எடுத்து அவள் கைக்கும் சூளைக்கும் நடுவே பிடித்தார்.

சூடு நின்றது.

முறத்தை விலக்கினார்.

சுள்ளென்றது.

கயற்கண்ணி விழித்தாள். “புரியலை தாயே.”

“மகன் போன் பண்றதே கிடையாதா?”

“பண்ணுவான், பண்ணுவான். வாராவாரம் அடிக்கும். நான்தான் எடுக்கறதில்லை. அவனே நேர்ல வந்து…”

தாயார் முறத்தை அவள் கையில் கொடுத்தார்.

“பிடிச்சுக்குங்கம்மா.”

கயற்கண்ணி முகத்துக்கு நேரே பிடித்தாள். நன்றாகக் குளிர்ந்தது. பிடித்தபடியே நின்றாள். முறத்தைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

மெல்லக் கீழே வைத்தாள்.

“சூளையை நாளைக்குத் திறந்துக்குங்க தாயே” என்றாள், பையைத் தேடிக்கொண்டே.